சுடாத துப்பாக்கியும் தோட்டாக்கடை அக்காவும்

கப்பலில் கனடா வரை போய், சுடாத துப்பாக்கி ஒன்றை வாங்கி, அது சுடும் என்று தெருவையே நம்பவைத்து, கடைசியில் அது சுடாது என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று எல்லாச் சாமிகளையும் கெஞ்சிய ஆள் தூத்துக்குடியில் நான் ஒருவன்தான். இன்னொருவர் இருந்தால் தெரிவிக்கவும். சங்கம் ஆரம்பிக்கலாம். தலைவர் பதவியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என்னைப் பற்றி இவ்வளவு போதும். எழுத உட்கார்ந்தது தோட்டாக்கடை அக்காவைப் பற்றி.

பீச் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், வலைநூல் கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் அந்தக் கடை இருந்தது. எதிர் மாடி எங்கள் வீடு. லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் விற்பார்கள், பழுதும் பார்ப்பார்கள். கணவர் நடத்திய கடை. அவர் போனபிறகு லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு அக்காவே நடத்தினாள். அவளுக்கு ஒரு ஞானஸ்நானப் பெயர் இருந்திருக்கும். கோயில் ஏட்டைத் தவிர வேறு யாரும் அதை உபயோகித்ததில்லை. சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் அவள் தோட்டாக்கடை அக்காதான்.

உயரமான பெண். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதுக்குக் கம்பி, இன்னொரு காதுக்குத் தூண்டில் நரம்பு. பக்கத்தில் நின்றால் துப்பாக்கி எண்ணெய் வாசம் வரும். கடைக்குள் நுழைந்ததும் வலது மூலையில் ஒரு மணல் வாளி. உள்ளே வருகிற எந்தத் துப்பாக்கியும் முதலில் அந்த வாளியைத்தான் பார்க்க வேண்டும். துப்பாக்கி என்ன, குடை கொண்டுபோனால் அதன் நுனியும் வாளியைப் பார்க்க வேண்டும்.

அவளிடம் யாரும் எதையும் வாயால் சொல்லி நம்பவைக்க முடியாது. “திறந்து காட்டுங்க, பாப்போம்” என்பாள். அவ்வளவுதான். கோபம் கிடையாது, சந்தேகம்கூடக் கிடையாது. மூடியிருக்கிற ஒரு பொருளைப் பற்றி அவளுக்கு அபிப்பிராயமே இருக்காது.

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது சட்டம். ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், இந்த மாதிரிக் கடையிலும் கொடுக்கலாம். அந்த நாட்களில் சந்து முழுக்கச் சாக்கில் சுற்றிய துப்பாக்கிகளோடு பெரிய மனிதர்கள் நிற்பார்கள். ஒருமுறை புதுக்கோட்டைப் பக்கம் வாழைத்தோட்டம் வைத்திருந்த ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, கனத்த மீசை.

“காலியாத்தான் இருக்கு தாயி. வாங்கி வையி, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“திறந்து காட்டுங்க அண்ணாச்சி.”

“நான் என்ன சின்னப்பிள்ளையா? முப்பது வருசமா துப்பாக்கி வச்சிருக்கேன்.”

“சின்னப்பிள்ளைன்னா கேக்கவே மாட்டேன், நானே திறந்துருவேன். நீங்க பெரியவுக. நீங்களே திறங்க.”

அவர் சலித்துக்கொண்டே துப்பாக்கியை வாளிப் பக்கம் சாய்த்து மடக்கித் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு சிவப்புத் தோட்டா நழுவி மேசைமேல் விழுந்து, உருண்டு, கண்ணாடிக் கூட்டில் முட்டி நின்றது. அக்கா அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கிறவரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்:

“உங்ககூட இதுவும் பஸ்ஸுல வந்துருக்கு அண்ணாச்சி. டிக்கெட் எடுத்தியளா?”

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அக்கா தோட்டாவைத் தனியே எடுத்து வைத்துவிட்டு ரசீது எழுதினாள்.

அவள் இப்படி இருப்பதற்கு எங்கள் தெரு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தது. கணவர் துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்துத்தான் போய்ச் சேர்ந்தார் என்று. இந்தக் கதையை நானே ஏழெட்டுப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ரத்தம் கூடுதலாக. ஒருநாள் துணிந்து அவளிடமே கேட்டேன்.

“அவுக காமாலையில போனாக” என்றாள். “கீழாநெல்லி குடுத்தோம். கேக்கல.”

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதிலிருந்தே என் புத்தியை நீங்கள் அளந்துகொள்ளலாம்.

அவள் தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையும் உண்டு. தரகர் வந்து, பையன் இன்ஜினியர், தங்கம், வைரம் என்றார். சான்றிதழைப் பார்க்க வேண்டும் என்றாள் அக்கா. தரகர் முகம் சுருங்கிப் போனார். மறுநாள் பையனே வந்து கடை வாசலில் நின்றான். “ரெண்டு பேப்பர் இன்னும் பாஸ் பண்ணல அக்கா. அவரு சும்மா சொல்லிட்டாரு” என்றான். “அப்ப சரி” என்று அவனுக்கே கட்டிவைத்துவிட்டாள்.

இனி என் கூத்து. அதற்கு விதை போட்டது குலசை தசரா. குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் தசராவுக்கு வேஷம் கட்டுவார்கள். காளி, ராஜா, கரடி, போலீஸ் என்று அவரவர் நேர்ச்சைப்படி. வேஷத்தோடு வீடு வீடாக, கடை கடையாகப் போய்க் காணிக்கை பிரித்துக் கோயிலில் சேர்ப்பார்கள். ஒரு வருடம் போலீஸ் வேஷம் கட்டிய ஒருவன் தோட்டாக்கடைக்கு வந்து, மரத் துப்பாக்கியை அக்கா நெஞ்சுக்கு நேரே நீட்டி, “போடுங்க காணிக்கை! இல்லன்னா சுட்ருவேன்” என்றான்.

“குழாய வாளிப் பக்கம் திருப்பு. அப்புறம் பேசு.”

“யக்கா, இது கல்யாண முருங்கைக் கட்டை!”

“கட்டைய நான் சொல்லல. நாளைக்கு நிஜத்தக் குடுத்தாலும் உன் கை இப்படித்தான நீளும்?”

வேஷப் போலீஸ்காரன் துப்பாக்கியைத் திருப்பினான். அக்கா கழுத்துச் சிலுவையை ஒருமுறை தொட்டுக்கொண்டு அவன் தட்டில் காணிக்கை போட்டாள். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒரு நேர்ச்சை இருந்தது. கப்பல் வேலைக்கான புத்தகம் கைக்கு வந்தால் அம்மனுக்கு ராணுவ வேஷம் கட்டுவதாக வேண்டியிருந்தேன். அந்தப் புத்தகம் இல்லாமல் எந்தக் கப்பலும் ஏற்றாது. அதற்காக நாலு வருடம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவன். அன்றைக்கு முடிவு செய்தேன்: என் கையில் கல்யாண முருங்கை இருக்கக்கூடாது.

புத்தகம் கிடைத்தது. கப்பலில் சாப்பாட்டு அறை வேலை கிடைத்தது. இரண்டாவது பயணத்தில் வான்கூவர் போனோம். தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்துக்கு உரச்சரக்கு ஏற்ற வேண்டும். கரையிறங்கி நடந்தபோது ஒரு கடைக் கண்ணாடிக்குள் நின்றது அது. பழைய மகாயுத்தத்தில் சிப்பாய்கள் தூக்கிக்கொண்டு ஓடின மாதிரி நீளத் துப்பாக்கி. மரக்கட்டை பளபள, தோல்வார், பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற இரும்புப் பிடி. கடைக்காரக் கிழவர் நேர்மையான மனிதர். இது இப்போது செய்தது, பழையதைப் பார்த்துச் செய்த நகல், சுடாது என்று மூன்று தடவை சொன்னார். குழாயின் அடியில் அப்படியே பொறித்திருந்ததை விரல் வைத்துக் காட்டினார். ரசீதிலும் எழுதினார். அசல் ஒன்று மேலே சுவரில் தொங்கியது. அதை வாங்க ஆயிரம் காகிதம் வேண்டும், விலையோ என் அப்பா வாழ்நாளில் பார்க்காதது. நகலை வாங்கிக்கொண்டேன்.

கடையிலிருந்து ஐம்பது அடி நடப்பதற்குள் அது எனக்குள் அசலாகிவிட்டது. கப்பல் ஏணியில் ஏறும்போது அதற்கு ஒரு யுத்தம் கிடைத்தது. பசிபிக் நடுவில் அதைச் சுமந்த கேப்டனுக்குக் கால் போனது. கூட வேலை செய்தவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். இவ்வளவு பெரிய சரித்திரத்துக்கு ஒரு ரசீது இடைஞ்சலாக இருக்கவே, அதைக் கிழித்துக் கடலில் விட்டேன். குழாயின் அடியில் இருந்த எழுத்து இன்னும் பெரிய இடைஞ்சல். இன்ஜின் அறையில் ஒரு அரம் இரவல் வாங்கி, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அந்த எழுத்தை அராவித் தள்ளினேன். சிங்கப்பூரிலிருந்து தோட்டாக்கடை அக்காவுக்குக் கடிதம் வேறு: ‘அசல் மிலிட்டரி ரைபிள் கொண்டு வருகிறேன். இதற்குத் தோட்டா கிடைக்குமா?’

தூத்துக்குடி வந்ததும் சுங்கத்தாருக்கு ஒவ்வொருவரும் தன் உடைமைகளை எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் சாப்பாட்டு அறை மேஸ்திரி காயல்பட்டினத்துக்காரர், நிதானமான மனிதர். என் காதருகே குனிந்து சொன்னார்.

“தம்பி, பொம்மைன்னு எழுது. ஒரே ஒரு சொல்லு. தல தப்பிக்கும்.”

“பொம்மைன்னு எழுதி என் கையெழுத்தையா போடச் சொல்லுதிய?” என்றேன்.

‘பழைய ராணுவ ரைபிள் – 1’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன். என் வாழ்க்கையிலேயே அழகாக விழுந்த கையெழுத்து அதுதான்.

அரைமணி நேரத்தில் நான் சுங்க அதிகாரி முன்னால் நின்றேன். அவர் மேசைமேல் துப்பாக்கி. அவர் விரல், நான் அராவின இடத்தில்.

“இங்க இருந்த நம்பர் எங்க?”

“நம்பர் இல்ல சார். எழுத்து.”

“என்ன எழுத்து?”

“இது நகல், சுடாதுன்னு எழுதியிருந்தது சார்.”

“அதை எதுக்கு அழிச்சே?”

“நிஜம்னு நினைக்கட்டும்னுதான் சார்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “துப்பாக்கி கடத்துறவன் நம்பரை அழிப்பான். பாத்திருக்கேன். சுடாதுன்னு எழுதியிருக்கறத எவனாவது அழிப்பானாய்யா?”

“நான் அழிச்சேன் சார்.”

என் ஆயுளில் நான் பேசிய சுத்தமான உண்மைகளில் அது ஒன்று. யாரும் நம்பவில்லை. ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும் என்றார். என் கப்பல் புத்தகத்தை எடுத்து மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். பாளையங்கோட்டையிலிருந்து போலீஸ் நிபுணர் வந்து பார்க்கப் பத்து நாளாவது ஆகும். கப்பல் நாளை மறுநாள் மத்தியானம் கிளம்புகிறது. அது என்னை விட்டுவிட்டுப் போனால், வழக்கில் மாட்டியவன் என்ற பேரோடு வேறெந்தக் கப்பலிலும் கால் வைக்க முடியாது. நாலு வருட அலைச்சல் ஒரு டிராயருக்குள் கிடந்தது.

அங்கிருந்த பியூன் திரேஸ்புரத்துக்காரர். அவர்தான் சொன்னார்: “சார், இங்கனயே தோட்டாக்கடை அக்கா இருக்காக. லைசென்ஸ் உள்ளவுக. அவுக பாத்து எழுதிக் குடுத்தா ஆகாதா?” அதிகாரி யோசித்தார். மேலிடத்துக்குப் போன் பண்ணினார். சரி என்றார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள் அக்கா. ஒரு கையில் துணிப்பை. இன்னொரு கையில், கடை மூலையில் இருந்த அந்த மணல் வாளி. அதை அதிகாரி அறையின் மூலையில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

“இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார் அதிகாரி.

“எதுத்த வீடு.”

“இது நிஜத் துப்பாக்கின்னு உங்ககிட்ட எப்பவாவது சொல்லியிருக்கானா?”

நான் அவளைப் பார்த்தேன். கண்ணால் எவ்வளவு கெஞ்ச முடியுமோ அவ்வளவு கெஞ்சினேன்.

“சொல்லல” என்றாள்.

எனக்கு மூச்சு வந்தது.

“எழுதியிருக்கான்” என்று பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

வந்த மூச்சு நின்றது. அதிகாரி கடிதத்தைப் படித்தார். “தோட்டா வேற கேட்டிருக்கானே!”

“கேட்டிருக்கான். அது அவன் எழுதினது. துப்பாக்கி என்ன சொல்லுதுன்னு பாப்போம். எல்லாரும் இந்தப் பக்கம் வந்துருங்க.”

அதிகாரி, இரண்டு உதவியாளர்கள், பியூன், நான், ஐந்து பேரும் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி இருந்தது. துப்பாக்கியின் வாயை மணலுக்குத் திருப்பி, பிடியை இழுத்தாள். திறந்தது. உள்ளே விரலை விட்டாள். டார்ச் அடித்தாள். மெல்லிய கம்பி ஒன்றைக் குழாய்க்குள் விட்டாள். அது ஒரு சாண் போய் நின்றுவிட்டது.

“குழாய் அடைச்சிருக்கு. தோட்டா இருக்கற இடமும் அடைச்சிருக்கு. தோட்டாவக் குத்தற ஊசி இல்ல.”

“அடைச்சதை எடுத்துட்டா? ஊசி வச்சுட்டா?” அதிகாரி விடவில்லை. “கொண்டு வரும்போது அடைச்சு, இங்க வந்து திறந்துக்கலாம்ல? நம்பரை வேற அழிச்சிருக்கான்.”

நியாயமான கேள்வி. அக்கா துப்பாக்கியைத் தன் பக்கம் இழுத்தாள். கட்டையை நகத்தால் சுரண்டினாள். “மரமில்ல. பிளாஸ்டிக்கு” என்றாள்.

“வால்நட் மரம்னுல்ல நெனச்சேன்!” என்று கத்திவிட்டேன்.

பியூன் என் விலாவில் இடித்தார். “ஏலே, வாய மூடுதியா? உள்ள போறதுக்கு நீயே வழி சொல்லுதியே!”

அக்கா துப்பாக்கியைக் கவிழ்த்தாள். நான் அராவின இடம் மேலே வந்தது. என்னைப் பிடித்துக்கொடுத்த இடம். கண்ணாடியைக் கழற்றி, துப்பாக்கியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, அந்த இடத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

“எப்ப அராவுன?” என்று என்னைக் கேட்டாள்.

“கெளம்பி நாலாம் நாளு.”

“எத்தன நாளு கடல்ல?”

“ஒரு மாசத்துக்கு மேல.”

அவள் அதிகாரி பக்கம் திரும்பினாள். “சார், உங்க ஜன்னல் கம்பியப் பாருங்க.”

எல்லாரும் பார்த்தோம். புதுக் கட்டடம், புதுக் கம்பி. பெயின்ட் உரிந்த இடமெல்லாம் சிவப்பாகத் துரு.

“இந்த ஊருல இரும்பச் சொரண்டி வச்சா மூணாம் நாளு செவந்துரும். எங்கிட்ட வாரதுல பாதிப்பேரு துருவுக்குத்தான் வாரான். இவன் பெயின்டு, பாலீசு எல்லாத்தையும் அராவி வெறும் உடம்பாக்கி, ஒரு மாசம் உப்புக்காத்துல வச்சிருக்கான். ஒரு புள்ளி துரு இருக்கா?”

இல்லை. மங்கிய ஈயப் பாத்திரம் மாதிரி சாம்பல் நிறமாக இருந்தது.

“இது இரும்பே இல்ல சார். துத்தநாகத்த உருக்கி வார்த்தது.” பையிலிருந்து பழைய ரேடியோ ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை எடுத்துக் குழாய்மேல் வைத்தாள். அது ஒட்டாமல் சறுக்கிக் கீழே விழுந்தது. “ஓட்ட போட்டு, ஊசி வச்சு, சுட்டும் பாக்கலாம். மொதக் குண்டுக்கே வெடிச்சு, சுடுறவன் கைதான் போகும். இவன் கைதான்னா எனக்கு ஆட்சேபண இல்ல.”

அதிகாரி முதலில் சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தார். பிறகு அவரால் முடியவில்லை. “அப்ப உண்மையிலேயே இவன், சுடாதுன்னு எழுதியிருந்ததத்தான் அழிச்சானா?”

“அதத்தான் அழிச்சிருப்பான் சார். எனக்கு இவனச் சின்ன வயசுலேருந்து தெரியும்.”

அவள் சொன்ன சாட்சியத்திலேயே இதுதான் எனக்கு வலித்தது. இதுதான் என்னைக் காப்பாற்றியதும்கூட.

கண்டதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதிகாரி என் உடைமைப் பட்டியலில் பழையதை அடித்துவிட்டு, ‘பொம்மை – 1’ என்று எழுதி, அதன் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். டிராயர் திறந்தது. புத்தகத்தை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். ஆபீஸில் இருக்கிறோம் என்பது மறந்து முத்தமும் கொடுத்தேன்.

அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பிறகு இருபது வருடம் கப்பலில் சுற்றினேன். சமையல் தலைமை வரைக்கும் வந்தேன். நேர்ச்சையை அடுத்த வருட விடுமுறையில் தீர்த்தேன், அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக் கரடி வேஷமாக மாற்றிக்கொண்டு. கரடியிடம் யாரும் துப்பாக்கி எங்கே என்று கேட்பதில்லை. என் மகாயுத்தத் துப்பாக்கியை அக்காவிடமே கொடுத்துவிட்டேன். புதிதாக லைசென்ஸ் வாங்க வருகிறவர்களுக்கு எப்படிப் பிடிப்பது, எப்படித் திறப்பது என்று அதை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தாள். எத்தனை பேர் அதைத் திறந்து மூடியிருப்பார்கள்! பசிபிக் நடுவில் நான் கட்டிய கதையைவிட அது மரியாதையான பிழைப்பு.

அன்றைக்கு, சுங்க ஆபீஸிலிருந்து வெளியே வந்ததும் வாளியை நானே தூக்கிக்கொண்டு அவளோடு கடை வரை நடந்தேன். வெயில் நல்ல வெயில். துறைமுகப் பக்கமிருந்து கிரேன் சத்தம் வந்துகொண்டிருந்தது. சட்டைப்பையில் புத்தகம் இருக்கிறதா என்று பத்தடிக்கு ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நாளைக்குக் கப்பல் என்னோடு கிளம்பும் என்ற சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. அவள் எனக்காகத்தான் இவ்வளவும் செய்தாள், எதிர்வீட்டுப் பையன் என்ற பாசம் என்று மனசுக்குள் ஒரு புதுக் கதை தயாராகிக்கொண்டிருந்தது.

“யக்கா, ஒரு பேச்சுக்குக் கேக்குதேன்” என்றேன். “அது நிஜத் துப்பாக்கியாவே இருந்திருந்தா, நீங்க அங்க என்ன சொல்லியிருப்பிய?”

அவள் என் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டாள்.

“நிஜம்னு சொல்லியிருப்பேன்.”